புதுச்சேரிக்கு எதற்குத் துருவக் கம்பளி?

மார்கழி பிறந்து பத்து நாள் ஆகிறது. விடியற்காலையில் கடற்கரைச் சாலைக்கு நடக்கப் போனால் பாதிப் பேர் தலையில் மஃப்ளர் சுற்றியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மகாத்மா காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் கூடினால், பனியன் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் மலைமலையாகக் குவிந்திருப்பது ஃப்ளீஸ் போர்வை. ரோஜாப் பூ போட்டது, புலி போட்டது, கரடிப் பொம்மை போட்டது. "தொட்டுப் பாருங்க சார், பஞ்சு மாதிரி இருக்கும்" என்று கையைப் பிடித்து அதன் மேல் வைக்கிறார்கள். தொட்டால் உண்மையிலேயே பஞ்சு மாதிரிதான் இருக்கிறது. பஞ்சுதான் அதில் இல்லை.

போன வாரம் என் வீட்டுப் பரணை ஒழித்தேன். ஃப்ளீஸ் போர்வை மட்டும் ஏழு இருந்தது. ஒன்றுகூட நாங்கள் விலை கொடுத்து வாங்கியதில்லை. இரண்டு, கிரகப்பிரவேசத்துக்குப் போன இடத்தில் தாம்பூலப் பையோடு கொடுத்தவை. ஒன்று, மருமகள் தீபாவளிக்கு ஆன்லைனில் வரவழைத்தது. மற்ற நான்கும் என் பெரியண்ணன் பிரான்சிலிருந்து வரும்போதெல்லாம் பெட்டியில் திணித்துக் கொண்டுவந்தவை. ஏழையும் கூடத்தில் பரப்பிவைத்துப் பார்த்தபோது வந்த கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கோபம் பெயர் மேல். நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். தமிழை வீட்டிலும் தெருவிலும் கற்றேன், வாய்ப்பாட்டைப் பிரெஞ்சில் ஒப்பித்தேன். இன்றைக்கும் மனக்கணக்குப் போட்டால் எண்கள் பிரெஞ்சில்தான் ஓடும். அந்தப் பழக்கத்தில் ஒரு சொல்லைக் கேட்டால் அதைப் பிரித்துப் பார்க்காமல் இருக்க முடியாது. ஃப்ளீஸ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஆட்டிலிருந்து கத்தரித்த ரோமம் என்று பொருள். பிரெஞ்சில் துவாசோன் என்போம். கிரேக்கக் கதையில் ஜேசன் என்பவன் கப்பலேறித் தேடிப் போனானே, அந்தத் தங்க ஆட்டுத்தோல், அதுவும் துவாசோன்தான். இந்தப் போர்வைக்குப் பிரெஞ்சுக்காரன் வைத்த பெயர் இன்னும் மோசம். லேன் போலேர் என்கிறான். லேன் என்றால் கம்பளி, போலேர் என்றால் துருவத்தைச் சேர்ந்தது. துருவக் கம்பளி! இதில் ஆட்டு ரோமம் ஒரு இழைகூடக் கிடையாது. முழுக்கப் பாலியஸ்டர். அதாவது பெட்ரோலியத்திலிருந்து எடுப்பது, தண்ணீர் பாட்டில் செய்கிற அதே பொருள். 1993 முதல் பழைய பாட்டில்களை உருக்கியும் இந்தத் துணியை நெய்கிறார்கள். போலேர் என்பதாவது சரியா என்றால், நம் ஊர் இருப்பது வடக்கே 12-ஆவது பாகையில். துருவத்தைவிட நிலநடுக்கோடுதான் நமக்குப் பக்கம்.

கண்டுபிடித்தவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்றொரு மில் ஊர். அங்கே மால்டன் மில்ஸ் என்ற ஆலையில் 1979 வாக்கில் இந்தத் துணி பிறந்தது. நனைந்தாலும் கனக்காது, சீக்கிரம் காயும், கம்பளியைவிட எடை குறைவு, உடம்பில் குத்தாது. பனிமலை ஏறுகிறவனுக்கு இது வரம். அந்த ஆலை 1995 டிசம்பரில் தீப்பிடித்து எரிந்தது. முதலாளி ஆரன் ஃபாயர்ஸ்டைன் நஷ்ட ஈட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு ஒதுங்கவில்லை. அதே ஊரில் ஆலையைத் திரும்பக் கட்டினார். வேலை இல்லாமல் நின்ற தொழிலாளிகளுக்கு மாதக்கணக்கில் சம்பளமும் கொடுத்தார். மில் சங்கு கேட்டு வளர்ந்த நம் ஊர்க்காரனுக்கு அந்தச் செய்தியின் அருமை தெரியும். ஆகவே துணி மேல் எனக்குப் பகையில்லை. அது இருக்க வேண்டிய இடம் வேறு என்பதுதான் என் வாதம்.

போர்வை சூடு கொடுப்பதில்லை. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். சூடு நம் உடம்பினுடையது. அதை வெளியே விடாமல் பிடித்துவைப்பதுதான் போர்வையின் வேலை. ஃப்ளீஸின் பொசபொசப்புக்குள் காற்று அடைபட்டு நிற்கிறது, அந்தக் காற்றுதான் சூட்டைப் பிடிக்கிறது. வெளியே பூஜ்யம் டிகிரி என்றால் இது மிக நல்ல ஏற்பாடு. நம் ஊரில் தை மாதத்து ராத்திரியில்கூட 20 டிகிரிக்கு ரொம்பக் கீழே இறங்குவது அபூர்வம். அதில் பிடித்துவைத்த சூடு ஒரு மணி நேரத்தில் வியர்வையாகத் திரும்புகிறது.

அந்த வியர்வை எங்கே போகும்? இங்கேதான் நூலின் குணம் வருகிறது. சாதாரண ஈரப்பதம் உள்ள காற்றில் 100 கிராம் பருத்தி சுமார் 8 கிராம் ஈரத்தைத் தனக்குள் வாங்கிவைக்கும். கம்பளி 16 கிராம்வரை வாங்கும். பாலியஸ்டர் அரை கிராம்கூட வாங்காது. குளிர் தேசத்தில் காற்று உலர்ந்திருக்கும், வியர்வை ஆவியாகித் துணியைத் தாண்டி வெளியே போய்விடும். நம் கடற்கரைக் காற்று ஏற்கெனவே ஈரத்தில் ஊறியிருக்கிறது. ஆவியும் ஆகாது, துணியும் குடிக்காது, ஈரம் நம் தோலிலேயே தங்கும். நடு ராத்திரியில் கழுத்தெல்லாம் பிசுபிசுத்துப் போர்வையை உதறிவிட்டு எழுகிறோம். ஃபேன் காற்று அந்த ஈரத்தில் படுகிறது. காலையில் தும்மல். "பனி ஒத்துக்கலை" என்று பனியின் மேல் பழி.

இன்னொரு கூத்தையும் சொல்ல வேண்டும். இளையவர்கள் ஏ.சி.யை 18-இல் வைத்துவிட்டு, மேலே ஃப்ளீஸ் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறார்கள். குளிருக்கு மின்சாரக் கட்டணம், அந்தக் குளிரிலிருந்து தப்பப் போர்வை. 2020-லிருந்து நட்சத்திரக் குறியுள்ள ஏ.சி. எல்லாம் போட்டவுடன் 24 டிகிரியில் நிற்கும்படி செய்ய வேண்டும் என்று அரசாங்கமே விதி வைத்திருக்கிறது. அந்த 24-இல் விட்டுவிட்டால் ஒரு நல்ல பருத்திப் போர்வை போதும். என் மகனிடம் இதைச் சொன்னேன். "அப்பா, உங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்றான். முப்பத்தைந்து வருஷம் அரசாங்கக் கோப்பைப் புரட்டியவனுக்குப் புரியாத ஒன்று, பன்னிரண்டு மணி நேரம் ஏ.சி.யில் கிடப்பவனுக்குப் புரிகிறது போலிருக்கிறது.

இதுவரை எழுதியதெல்லாம் சௌகரியக் கணக்கு. எனக்கு இதில் வேறொரு கணக்கும் உண்டு. அதை இதுவரை நான் எழுதியதில்லை.

ஓய்வு பெறுவதற்கு மூன்று நான்கு வருஷம் முன்பு, நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஆதரவற்ற முதியோருக்குப் போர்வை வாங்கிக் கொடுக்கிற கோப்பு என் மேசைக்கு வந்தது. விலைப்புள்ளி கேட்பதற்கு முன்னால் என்ன பொருள் வேண்டும் என்று நிபந்தனை எழுத வேண்டும். எழுதியவன் நான். "மென்மையானதும் வெதுவெதுப்பானதுமான போர்வை" என்று எழுதினேன். நீளம் எழுதினேன், அகலம் எழுதினேன், எண்ணிக்கை எழுதினேன். நூல் என்ன என்று எழுதவில்லை. மறந்தேன் என்று சொல்ல மாட்டேன், தோன்றவே இல்லை. போர்வை என்றால் பருத்தி, கம்பளி இரண்டில் ஒன்று என்றுதான் என் வயதுக்காரனின் புத்தி ஓடும்.

மாதிரிகள் வந்தன. சட்டப்படி, நிபந்தனைக்குப் பொருந்துகிறவற்றில் விலை குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும். மென்மையாக இருந்தது, வெதுவெதுப்பாக இருந்தது, விலையும் குறைவு. ஃப்ளீஸ். "மாதிரி சரிபார்க்கப்பட்டது, நிபந்தனைக்கு ஏற்றது" என்று குறிப்பெழுதிச் சுருக்கொப்பம் போட்டேன். விழா நடந்தது. போட்டோ எடுத்தார்கள். வாங்கிக்கொண்ட கிழவிகள் கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு மதியம். வலது முன்கையில் கட்டுப் போட்ட ஒரு பாட்டி அலுவலக வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். கையில் அந்தப் போர்வை. ஒரு ஓரம் சுருண்டு, கருத்து, கெட்டியாகிக் கல் மாதிரி ஆகியிருந்தது. மின்சாரம் போன ராத்திரி, பக்கத்தில் வைத்த மெழுகுவர்த்தி சாய்ந்திருக்கிறது. போர்வை ஓரத்தில் பிடித்ததைக் கையால் தட்டி அணைக்கப் போயிருக்கிறாள். உருகியது கையோடு ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தபோது தோலும் சேர்ந்து வந்திருக்கிறது. அவள் சண்டைக்கு வரவில்லை. வேறு போர்வை கிடைக்குமா என்று கேட்க வந்திருந்தாள். போகும்போது சொன்னாள்: "துணின்னா எரியும்னு தெரியும்யா. உருகும்னு யாரும் சொல்லலியே."

நான்தான் சொல்லியிருக்க வேண்டியவன்.

மாற்றி எழுத வேண்டும் என்று குறிப்பு வைத்தேன். "பருத்தி நூல்" என்ற இரண்டு சொல்லைச் சேர்க்கச் சொன்னேன். "எத்தனை பேருக்கு இப்படி ஆச்சு? ஒருத்தருக்குத்தானே?" என்ற கேள்வியோடு கோப்பு திரும்பியது. அதற்கு மேல் நான் மல்லுக்கு நிற்கவில்லை. ஓய்வூதியம் பக்கத்தில் வந்துவிட்ட குமாஸ்தா எவ்வளவு மல்லுக்கு நிற்பான் என்று உங்களுக்குத் தெரியும். என் கைக்காசில் ஒரு சென்னிமலைப் போர்வை வாங்கி அந்தப் பாட்டியின் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதனால் கணக்கு நேராகிவிடவில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பருத்தியும் எரியும். நெருப்புப் பட்டால் பாலியஸ்டரைவிடச் சீக்கிரமே பிடிக்கும். ஆனால் சாம்பலாகும், உருகித் தோலில் ஒட்டாது. கம்பளிதான் மூன்றிலும் லேசில் தீப்பிடிக்காதது. ஸ்டோர் பக்கம் வேலை பார்த்த பழைய ஆள்களுக்கு ஒரு சோதனை தெரியும். ஓரத்திலிருந்து ஒரு இழையைப் பிரித்து, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்ட வேண்டும். காகிதம் எரிகிற வாசனை வந்து மெல்லிய சாம்பல் உதிர்ந்தால் பருத்தி. முடி பொசுங்குகிற நாற்றம் வந்து, கருகியது விரலில் பொடிந்தால் கம்பளி. நெருப்பைக் கண்டதும் சுருங்கி, உருகி, ஆறியதும் மணி மாதிரி கெட்டியானால் பாலியஸ்டர். ஒரு தீக்குச்சி செலவு. அந்த ஒரு குச்சியை நான் கிழிக்கவில்லை.

இதைச் சொன்னால் சிலர் மறுக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. என் வீட்டம்மாவே ஒரு எதிர்க்கட்சி. "முட்டி வலியோட அந்தச் சோலாப்பூர்ப் போர்வையைத் துவைச்சுப் பிழிஞ்சு பாருங்க, அப்பத் தெரியும்" என்கிறாள். ஒப்புக்கொள்கிறேன். நனைந்த கனத்த பருத்தியை எழுபது வயதில் தூக்குவது தண்டனைதான். ஃப்ளீஸ் எடை இல்லாதது, மழைக்காலத்திலும் ஒரு பொழுதில் காய்ந்துவிடும், விலையும் கம்மி. கம்பளி சிலருக்கு அரிக்கும், பூச்சியும் அரிக்கும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்கள் ஃப்ளீஸை வைத்துக்கொள்ளட்டும், பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கும் என் அண்ணனும் வைத்துக்கொள்ளட்டும். அங்கே அவர் வீட்டில் ஒரு ஜனவரியில் நான் அதைப் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறேன். சொர்க்கமாகத்தான் இருந்தது. வாசலில் பனி விழுந்துகொண்டிருந்தது.

ஆனால் இலேசாக இருப்பதற்கு நம்மிடம் வழி இல்லையா? இருந்ததே. எங்கள் அம்மா தன் பழைய நூல் புடவைகளை நாலாக மடித்து, ஓரம் தைத்து, நடுவில் நீளநீளமாகத் தையல் ஓட்டிப் போர்வை செய்வாள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன நூல். அதன் மென்மைக்குப் பக்கத்தில் எந்தத் துருவக் கம்பளியும் நிற்க முடியாது. குளிர் அதிகமானால் இரண்டாகப் போர்த்துவோம், புழுங்கினால் ஒன்றைக் காலால் தள்ளிவிடுவோம். வயதானவர்களுக்கு நான் இன்றும் சொல்வது இதுதான். கனமான ஒன்றுக்குப் பதில் மெல்லியதாக இரண்டு. அடியில் பழைய வேட்டி, மேலே ஒரு சென்னிமலைப் போர்வை. பிழிவதற்கும் சுலபம்.

இதை விலை கொடுத்து வாங்க வெளிநாடு போக வேண்டாம். சென்னிமலையில் போர்வை நெய்கிறார்கள், பவானியில் ஜமக்காளம், கரூரில் படுக்கை விரிப்பு. ஏன், நம் ஊரே துணி நெய்த ஊர்தானே? இங்கிருந்து கினே என்ற நீலத் துணி கப்பலேறி ஆப்பிரிக்காவில் செனெகல்வரை போயிருக்கிறது. சவானா மில், கெப்ளே மில், ரோடியர் மில் என்று மூன்று சங்கு ஊதிய ஊர். அந்த நூலுக்காக 1936 ஜூலை 30-ஆம் தேதி பன்னிரண்டு தொழிலாளிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அதன் பிறகுதான் எட்டு மணி நேர வேலை சட்டமானது. ரோடியர் மில் என்று நாம் சொல்லும் ஏ.எஃப்.டி. 2011 தானே புயலில் அடிபட்டது, 2020-இல் ஒரேயடியாக மூடியது. ஃப்ளீஸால்தான் மூடியது என்று நான் சொன்னால் அது பொய். மூடியதற்கு ஆயிரம் காரணம். ஆனால் அப்படிப்பட்ட ஊரில் கிரகப்பிரவேசம் செய்கிறவன் வந்தவர் கையில் பிளாஸ்டிக்கைப் போர்வை என்று கொடுத்தால் எனக்கு உறைக்கிறது.

ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் அந்தப் பொசபொசப்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இழைகள் உதிர்ந்து தண்ணீரோடு போகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பருத்தி இழையும் உதிரும், ஆனால் மக்கிவிடும். இது மக்காது. வாய்க்கால் வழியாகக் கடலுக்குத்தான் போகும். அந்தக் கடலில் பிடித்த மீனைத்தான் ஞாயிற்றுக்கிழமை குழம்பு வைக்கிறோம்.

சரி, வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது, அல்லது பிள்ளைகள் வாங்கித்தான் தீருவார்கள் என்றால், ஒரு பழைய ஸ்டோர் குமாஸ்தாவின் குறிப்புகள் சில.

லேபிளைப் படியுங்கள். முன்னால் கொட்டை எழுத்தில் எழுதிய பெயரை விட்டுவிட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் நூல் என்ன என்று போட்டிருப்பதைப் பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு போங்கள். ஜி.எஸ்.எம். என்று ஒரு எண் இருக்கும், ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. நம் ஊருக்கு 150 தாராளம், 300 என்று பெருமையாகச் சொன்னால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். ஒரு மூலையை உள்ளங்கையால் பத்துப் பதினைந்து தடவை தேய்த்துப் பாருங்கள். உருண்டை உருண்டையாகத் திரண்டால் நாலு துவைப்பில் சொரசொரப்பாகிவிடும். பச்சைத் தண்ணீரில் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். இஸ்திரிப் பெட்டி படக் கூடாது. விளக்கு, கொசுவத்தி, ஊதுவத்தி, அடுப்பு இருக்கும் அறையில் இதைப் போர்த்திக்கொண்டு உட்காராதீர்கள். ஒரு வயது ஆகாத குழந்தை தூங்கும் இடத்தில் பொசபொசவென்ற எந்தப் போர்வையும் வேண்டாம், மூக்கை மூடிவிடும்.

கடைசியாக, தானம் செய்கிறவர்களிடம் ஒரு விண்ணப்பம். மார்கழியில் கோயில் வாசலிலும் பேருந்து நிலையத்திலும் படுத்திருப்பவர்களுக்குப் போர்வை கொடுக்கிறீர்கள். நல்ல காரியம். அவர்கள் பக்கத்தில் மெழுகுவர்த்தி இருக்கும், பீடி இருக்கும், குப்பையைக் கொளுத்திக் குளிர் காய்கிற நெருப்பு இருக்கும். ஒரே பணத்துக்கு நூறு பேருக்குக் கொடுக்கலாம் என்று ஃப்ளீஸ் வாங்காதீர்கள். அறுபது பேருக்குக் கொடுங்கள், பருத்தியில் கொடுங்கள். மென்மையாக இருக்கிறதா, வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் என்ன ஆகும் என்று நான் எழுதிவிட்டேன். என்ன நூல் என்றும் கேளுங்கள்.

பெரியண்ணன் இந்த ஜனவரியிலும் வருகிறார். நேற்றுப் போனில், "உனக்கு என்னடா கொண்டு வரட்டும்?" என்றார். "சாக்லேட் கொண்டு வாங்கண்ணே. பெட்டியில பாதி காலியா வச்சுக்கிட்டு வாங்க, திரும்பும்போது ஏழு போர்வை இருக்கு" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்: "அம்மா தைச்ச போர்வை ஏதாவது மிச்சம் இருக்காடா?"

ஒன்று இருக்கிறது. அதைக் கொடுப்பதா வேண்டாமா என்றுதான் இன்னும் முடிவு செய்யவில்லை.